உலாவி புதுப்பிக்கப்பட்டதும் திறக்காத மின்னஞ்சல்: கோளாறு கணினியிலா, அரசு நிர்வாகத்திலா?

புது தில்லி: முதல் நாள் மாலை வரை தடையின்றித் திறந்த மின்னஞ்சல், மறுநாள் காலையில் திறக்க மறுக்கிறது. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டதுபோலக் காட்டிவிட்டு மீண்டும் அதே நுழைவுப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அல்லது "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என எச்சரிக்கிறது. கடவுச்சொல் மாறவில்லை, இணைய இணைப்பிலும் பழுதில்லை. இடைப்பட்ட நேரத்தில் கணினியிலுள்ள இணைய உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது மட்டுமே நடந்த மாற்றம்.

அமைச்சகங்கள் தொடங்கி மாவட்ட அலுவலகங்கள், பல்கலைக்கழகங்கள் வரை அவ்வப்போது தலைதூக்கும் இச்சிக்கல், பெரும்பாலும் கணினிப் பிரிவு ஊழியரை அழைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டிய சிறு தொல்லையாகவே கருதப்படுகிறது. ஆனால், அரசின் ஆவணங்கள் எந்த நாட்டின் கணினியில் தங்குகின்றன, அரசு இணையதளம் நம்பத்தக்கதா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விகளோடு இது நேரடியாகப் பிணைந்துள்ளது என்பதைக் கடந்த பத்தாண்டுகளின் நிகழ்வுகள் காட்டுகின்றன.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை: உலாவியின் புதுப்பிப்பு என்பது தோற்ற மாற்றம் மட்டுமல்ல. அது வலைத்தளங்களை எந்த விதிகளின்படி நம்புவது என்பதையும் சேர்த்தே மாற்றுகிறது. கூகுள் நிறுவனத்தின் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் முன்பு ஆறு வாரங்களுக்கு ஒரு முறை வெளிவந்தன. 2021 செப்டம்பரில் வெளியான 94-ஆவது பதிப்பிலிருந்து இந்த இடைவெளி நான்கு வாரங்களாகக் குறைக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வழங்கப்படுகின்றன. கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை ஊடுருவல்காரர்கள் பயன்படுத்துவதற்குள் அடைத்துவிட வேண்டும் என்பதே இந்த வேகத்துக்குக் காரணம். ஆகவே, "புதுப்பிப்பை நிறுத்திவைத்தால் போதும்" என்ற பரவலான அறிவுரை, ஒரு கதவைத் திறப்பதற்காக வீட்டின் சுவரையே இடிப்பதற்கு ஒப்பாகும்.

மறுபுறம், அரசுத் துறைகளின் மென்பொருள்கள் ஒருமுறை ஒப்பந்தப்புள்ளி கோரி உருவாக்கப்பட்ட பின்னர் பல ஆண்டுகளுக்கு அப்படியே இயங்குபவை. வாரக்கணக்கில் மாறும் உலாவிக்கும், ஆண்டுக்கணக்கில் மாறாத வலைத்தளத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் நுழைவுப் பிழைகள் பிறக்கின்றன.

2020 தந்த பாடம்: இதற்குத் தெளிவான உதாரணம் 2020-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஒருவர் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும், "இவர் சோதிக்கப்பட்டவர்" என்பதற்கு அடையாளமாக வலைத்தளம் அவரது உலாவியில் "குக்கீ" எனப்படும் சிறு குறிப்பு ஒன்றை வைக்கிறது. பல நிறுவனங்களில் நுழைவுப் பக்கம் ஒரு முகவரியிலும், அஞ்சல்பெட்டி வேறொரு முகவரியிலும் இருக்கும். ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்குச் செல்லும்போது இந்தக் குறிப்பும் உடன் சென்றால்தான் கதவு திறக்கும்.

பயனரின் நடமாட்டத்தைப் பின்தொடரவும், அவர் பெயரில் கள்ளத்தனமாகக் கட்டளைகள் அனுப்பவும் இதே வசதி பயன்படுத்தப்பட்டதால், வலைத்தளம் வெளிப்படையாக அனுமதி குறிப்பிட்டிருந்தால் மட்டுமே குக்கீயை வேறு தளத்துக்குக் கொண்டுசெல்வது என்ற விதியை குரோம் புகுத்தியது. 2020 பிப்ரவரி 4-ஆம் தேதி வெளியான 80-ஆவது பதிப்பைத் தொடர்ந்து இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அனுமதியைக் குறிப்பிடாத தளங்களில் பயனர் நுழைவுப் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்பப்படும் நிலை ஏற்பட்டது. அனுமதியைக் குறிப்பிட்டுச் சரிசெய்த தளங்களோ, அக்குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்ட ஆப்பிளின் ஐஓஎஸ் 12 போன்ற பழைய இயக்க முறைமைகளில் புதிய சிக்கலைச் சந்தித்தன.

கரோனா தொற்று பரவி, வீட்டிலிருந்தே பணியாற்றும் நிலை உருவானதை அடுத்து, அத்தியாவசியச் சேவைகள் பாதிக்கப்படக் கூடாது எனக் கூறி ஏப்ரல் 3-ஆம் தேதி இம்மாற்றத்தை கூகுள் தாற்காலிகமாகத் திரும்பப் பெற்றது. பின்னர் ஜூலை 14 முதல் மீண்டும் அமல்படுத்தியது.

அதே ஆண்டில் மற்றொரு மாற்றமும் வந்தது. உலாவிக்கும் வலைத்தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை மறைகுறியாக்கும் "டிஎல்எஸ்" நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் முறையே 1999, 2006-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. இவற்றை 2020-இல் கைவிடப் போவதாக கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், மொஸில்லா ஆகிய நான்கும் 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டன. அதன்படி 2020 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் 74-ஆவது பதிப்பில் பழைய நெறிமுறைகளை மொஸில்லா முடக்கியது. ஆனால், தொற்றுநோய் குறித்த தகவல்களை வெளியிடும் முக்கிய அரசுத் தளங்களை மக்கள் அணுக வேண்டும் என்பதற்காகச் சில நாள்களிலேயே அம்முடிவை அது திரும்பப் பெற நேர்ந்தது. ஏறத்தாழ பதினேழு மாத முன்னறிவிப்புக்குப் பிறகும் அரசுத் தளங்கள் தயாராகவில்லை என்பதையே இது உணர்த்தியது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறை அல்ல என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

நம்பிக்கை இழந்த சான்றிதழ்: இந்தியாவைப் பொருத்தவரை, உலாவி நிறுவனம் ஒன்றின் முடிவு அரசின் கட்டமைப்பையே நேரடியாகப் பாதித்த நிகழ்வு 2014-இல் நடந்தது.

ஒரு வலைத்தளம் உண்மையானதுதான் என்பதற்கு மின்னணுச் சான்றிதழே அத்தாட்சி. இந்தியாவில் இத்தகைய சான்றிதழ்களை வழங்கும் அமைப்புகளுக்கு உரிமம் வழங்குவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகமாகும். அதன் உரிமம் பெற்று, மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமும் சான்றிதழ்களை வழங்கி வந்தது.

அந்த மையத்தின் பெயரில் கூகுள் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை 2014 ஜூலை 2-ஆம் தேதி கூகுள் கண்டறிந்தது. இத்தகைய போலிச் சான்றிதழ் கையில் இருந்தால், பயனருக்கும் மின்னஞ்சல் சேவைக்கும் நடுவே அமர்ந்துகொண்டு, எந்த எச்சரிக்கையும் எழாமல் கடவுச்சொல்லைக் கைப்பற்றிவிட முடியும். மறுநாளே கட்டுப்பாட்டாளர் அலுவலகம் தேசிய தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. கூகுள் முகவரிகளுக்கு மூன்று, யாஹூவுக்கு ஒன்று என நான்கு சான்றிதழ்கள் தவறாக வழங்கப்பட்டதாக அந்த அலுவலகம் தெரிவித்தது. ஆனால், அப்பட்டியலில் இல்லாத வேறு சான்றிதழ்களும் தனக்குத் தெரியவந்துள்ளதாக கூகுள் கூறியது.

அதன் விளைவாக, இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை ஜிஓவி.இன், என்ஐசி.இன் உள்ளிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டுமே ஏற்பது என குரோம் கட்டுப்படுத்தியது. ஃபயர்ஃபாக்ஸின் நம்பிக்கைப் பட்டியலில் இந்திய மூலச் சான்றிதழ் தொடக்கத்திலிருந்தே இடம்பெறாததால் அது பாதிக்கப்படவில்லை. இந்திய அரசு தன் சட்டப்படி அங்கீகரித்த சான்றிதழ், ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லையெனில், அந்த உலாவியைப் பயன்படுத்தும் இந்தியக் குடிமகனுக்கு அது "நம்பத்தகாததே". இது நியாயமா என்ற கேள்வி எழலாம். ஆனால், நம்பிக்கையைக் குலைத்த தவறு இங்கேயே நிகழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பின்னாளில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இமுத்ரா நிறுவனத்தின் "எம்சைன்" மூலச் சான்றிதழ்கள் உரிய தணிக்கைகளுக்குப் பிறகு முன்னணி உலாவிகளின் பட்டியலில் இடம்பிடித்தன. தரமும் தணிக்கையும் இருந்தால் இந்தியச் சான்றிதழுக்கும் இடமுண்டு என்பதற்கு அது சான்று.

ஒரே உலாவியைச் சார்ந்திருந்த காலம்: "இத்தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் காண்பதே சிறந்தது" என்ற வரி, பல ஆண்டுகள் அரசுத் தளங்களின் அடிப்பகுதியை அலங்கரித்தது. அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-லேயே வெளியிடப்பட்டு, பல்வேறு உலாவிகளில் தளம் சோதிக்கப்பட வேண்டும் என வலியுறுத்தப்பட்டபோதிலும் நடைமுறை அவ்வாறு இருக்கவில்லை. மின்னணு முறையில் கையொப்பமிடுவதற்கு ஜாவா செருகுநிரலை நம்பியிருந்த தளங்கள், 2015 செப்டம்பரில் குரோமும் 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் அத்தகைய செருகுநிரல்களைக் கைவிட்டபோது தடுமாறின. 2022 ஜூன் 15-ஆம் தேதி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. எட்ஜ் உலாவிக்குள் பழைய தளங்களுக்கென ஒரு தனி வசதியை மட்டும் 2029 வரையிலாவது தொடர்வதாக அது உறுதியளித்துள்ளது.

பழைய கணினிகளின் நிலையும் இத்தகையதே. 2023 பிப்ரவரியில் வெளியான 110-ஆவது பதிப்பு முதல் குரோம், விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் இயங்குவதில்லை. வேகம் குறைந்த இணைப்புகளிலும் பழைய உலாவிகளிலும் கைகொடுத்து வந்த ஜிமெயிலின் எளிய பக்க வடிவத்தை 2024 தொடக்கத்தில் கூகுள் நிறுத்தியது. அதைப் பெரிதும் விரும்பியவர்களில் திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றோரும் அடங்குவர்.

மாற்று வழியே ஆபத்து: அலுவலக மின்னஞ்சல் திறக்காதபோது, அவசரக் கோப்பைத் தனிப்பட்ட மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது எளிதான மாற்று வழி. சிக்கலின் அரசியல் முக்கியத்துவம் இங்குதான் தொடங்குகிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் பொது ஆவணங்களை இந்தியாவுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடை செய்கிறது. அலுவல்ரீதியான தேவைக்கு மட்டுமே விலக்கு உண்டு. மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு.

அரசு அதிகாரிகள் அயல்நாட்டு நிறுவனங்களின் மின்னஞ்சலைப் பயன்படுத்துவது இச்சட்டத்துக்கு முரணானது என்ற வாதத்தை முன்வைத்து, பாஜகவின் முன்னாள் பொதுச் செயலர் கே.என். கோவிந்தாச்சார்யா தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். எட்வர்ட் ஸ்னோடென் அமெரிக்கக் கண்காணிப்பு ரகசியங்களை வெளியிட்ட 2013-இல், மின்னஞ்சல் கொள்கையை விரைந்து இறுதி செய்யுமாறு மத்திய அரசை நீதிமன்றம் வலியுறுத்தியது. அலுவல் சார்ந்த தகவல் தொடர்புக்கு அரசு மின்னஞ்சலை மட்டுமே பயன்படுத்த வேண்டும் எனக் கூறும் கொள்கை 2015-இல் அறிவிக்கை செய்யப்பட்டது.

கொள்கை தாளில் இருந்தாலும், காலையில் கதவு திறக்காவிட்டால் அது மீறப்படும் என்பதே யதார்த்தம். தனிப்பட்ட அஞ்சல்பெட்டிக்குச் சென்றுவிட்ட கடிதத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரிப் பெறுவதும், அதிகாரி ஓய்வு பெற்ற பிறகு தேடி எடுப்பதும் எளிதன்று.

இதைவிடக் கொடிய ஆபத்து, தீர்வு தேடுவோரைக் குறிவைக்கும் வலைவீச்சு. தேசிய தகவலியல் மையத்தின் மின்னஞ்சலில் இரண்டாம் கட்ட அடையாளச் சோதனைக்கு "கவச்" என்ற செயலி பயன்படுத்தப்பட்டது. அதன் பெயரில் போலித் தரவிறக்கப் பக்கங்களை உருவாக்கி, தேடுபொறியில் கட்டண விளம்பரங்கள் மூலம் அவற்றை முன்னிறுத்தி, இந்திய அரசு ஊழியர்களின் கணினிகளில் உளவு நிரல்கள் புகுத்தப்பட்டதை 2022-இல் இணையப் பாதுகாப்பு நிறுவனங்கள் அம்பலப்படுத்தின. பாகிஸ்தானிலிருந்து செயல்படுவதாக ஆய்வாளர்கள் கருதும் "ஏபிடி-36" என்ற குழுவே இதன் பின்னணியில் இருந்ததாக அவை தெரிவித்தன.

பயனர் செய்ய வேண்டியவை: நுழைவுப் பிழை ஏற்பட்டால், முதலில் அது எந்த வகையைச் சார்ந்தது எனக் கண்டறிய வேண்டும். நுழைவுப் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டால், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் அதே முகவரியைத் திறந்து பார்க்கலாம். அங்கு திறந்தால், பழைய குக்கீ அல்லது உலாவியில் சேர்க்கப்பட்ட நீட்சி ஒன்றே காரணம். அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்தாலே போதுமானது. ஒட்டுமொத்தமாக அழிக்கும்போது, சேமித்து வைத்த கடவுச்சொற்களும் சேர்ந்து போய்விடாமல் கவனிக்க வேண்டும். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி எது எனத் தெரிந்துவிடும்.

நுழைவுப் பக்கத்தையே விருப்பப் பட்டியலில் குறித்து வைப்பதும் பிழைக்கு வழிவகுக்கும். அந்த முகவரியின் பின்னால் ஒருமுறைக்கு மட்டுமே செல்லுபடியாகும் குறியீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். ஆகவே, தளத்தின் முதன்மை முகவரியைத் தட்டச்சு செய்து செல்வதே முறை.

சான்றிதழ் எச்சரிக்கை எழுந்தால், முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். கடிகார மின்கலம் தீர்ந்த கணினி, பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, செல்லுபடியாகும் சான்றிதழைக்கூட செல்லாதது எனக் காட்டும். கணினிகளின் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் அல்லது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது. நேரம் சரியாக இருந்தும் எச்சரிக்கை நீடித்தால், அதைப் புறக்கணித்து உள்ளே நுழைந்து கடவுச்சொல்லைத் தருவது கூடாது. கோளாறு தளத்துடையதாகவோ, நடுவில் அமர்ந்திருக்கும் ஒருவருடையதாகவோ இருக்கலாம். இரண்டையும் பயனரால் பிரித்தறிய இயலாது.

வேறொரு உலாவியில் திறக்கிறதா எனப் பார்த்து, திறந்தால் அவ்விவரத்தை உலாவியின் பதிப்பு எண்ணோடு நிர்வாகிக்குத் தெரிவிப்பது பிறருக்கும் பயன்படும். உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி அழைப்பதோ, பழுதுநீக்கும் நிரல் என வருவதை நிறுவுவதோ கூடாது. ஏமாற்றப்பட்டு பணம் இழந்தால் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

உள்நாட்டு உலாவி தீர்வாகுமா? அயல்நாட்டுச் சார்பைக் குறைக்கும் நோக்கில், இந்திய உலாவியை உருவாக்கும் போட்டியை மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி தொடங்கியது. மொத்தப் பரிசுத் தொகை ரூ. 3.41 கோடி. இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை உள்ளடக்கிய நம்பிக்கைப் பட்டியல் அதில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட முடிவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் ரூ. 1 கோடி முதல் பரிசைப் பெற்றது.

மத்திய அரசின் மின்னஞ்சல் சேவைக்கான ஒப்பந்தமும் 2023-இல் இதே நிறுவனத்துக்குக் கிடைத்தது. பிரதமர் அலுவலகம் உள்பட ஏறத்தாழ 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல்கள் அத்தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாக 2025 அக்டோபரில் செய்திகள் வெளியாயின. முகவரிகள் மட்டும் பழையபடியே தொடர்கின்றன.

எனினும், ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜோஹோவின் "உலா" உலாவி, கூகுள் முன்னின்று வளர்க்கும் திறந்தமூல "குரோமியம்" நிரலின் மீதே கட்டப்பட்டது. உலகின் பெரும்பாலான உலாவிகளும் அவ்வாறே. எனவே, குக்கீ விதியோ மறைகுறியாக்க நெறிமுறையோ அங்கு மாறினால், அந்த மாற்றம் இங்கும் வந்தே தீரும். நம்பிக்கைப் பட்டியல் நம் கைக்கு வரலாம். புதுப்பிப்பின் கால அட்டவணை வராது. மேலும், அப்பட்டியல் நம் கையில் இருக்கும்போது, 2014-இல் நிகழ்ந்தது போன்ற தவறை வெளியிலிருந்து சுட்டிக்காட்ட ஒருவர் இருப்பாரா என்ற கேள்விக்கும் அரசு விடை காண வேண்டும்.

நெருங்கும் காலக்கெடு: சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் அடங்கிய கூட்டமைப்பு, வலைத்தளச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 398 நாள்களிலிருந்து படிப்படியாகக் குறைக்க 2025 ஏப்ரலில் முடிவெடுத்தது. அதன்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்கள் என்பது வரம்பு. ஆண்டுக்கொரு முறை கோப்பு நகர்த்தி, ஒப்புதல் பெற்று, சான்றிதழைப் புதுப்பிக்கும் அலுவலக நடைமுறை இனி பொருந்தாது. தானியங்கி முறைக்கு மாறாத துறைகளின் தளங்கள் ஆண்டுக்குப் பலமுறை எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும் நிலை ஏற்படும்.

பொதுவெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே உலாவிகளின் முன்னோட்டப் பதிப்புகள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நுழைவுப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை ஒவ்வொரு துறையிலும் ஓர் அலுவலரிடம் ஒப்படைப்பதற்குப் பெரும் செலவு தேவையில்லை. பராமரிப்பு ஒப்பந்தங்களிலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கவும் முடியும்.

டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் தொடர்ந்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்துள்ளது. விண்ணப்பம், வரி, ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை என அனைத்தையும் இணையவழிக்கு மாற்றிவிட்ட அரசு, அந்த வழியின் கதவு எந்நாளும் திறப்பதை உறுதி செய்யும் கடமையிலிருந்து விலகிவிட முடியாது.